நூற்றுக்கு 28 என்றால் மாமாவுக்கு என்ன அர்த்தம்?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மாமனாருக்கு 67 வயது, தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார், பதினைந்து வருடமாகச் சர்க்கரை, நாளைக்குப் பத்து சிகரெட். மலக்குடலில் கீழே கட்டி, ரேடியேஷனும் கீமோவும் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் ஏழு வாரத்தில் ஆபரேஷன். முன்பரிசோதனைக்குப் போனபோது அனஸ்தீசியா (மயக்க மருந்து) டாக்டர் கம்ப்யூட்டரில் விவரங்களைப் போட்டுப் பார்த்து, "சிக்கல் வர நூற்றுக்கு 28 வாய்ப்பு" என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து அத்தை சாப்பிடவில்லை, மாமா ஆபரேஷனே வேண்டாம் என்கிறார். அந்த எண்ணை நம்பலாமா, யாருக்குச் சிக்கல் வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா, மலம் வெளியே போக வயிற்றில் தற்காலிகப் பை வைத்தே ஆகவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா என்று மாமா தனியாகக் கேட்கச் சொன்னாராம்.

நான் மதுரைக்காரி. டர்பனுக்கு வந்து பதினேழு வருடம், அனஸ்தீசியாதான் வேலை. மாமாவிடம் அந்த எண்ணைச் சொன்னவர் உட்கார்ந்திருந்த மாதிரி நாற்காலியில் வாரத்துக்கு இரண்டு நாள் நானும் உட்காருகிறேன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மாமாவின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை. அவருடைய சர்ஜன் சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் வித்தியாசம் இருந்தால் சர்ஜன் சொல்வதையே கேளுங்கள்.

முதலில் அந்த 28. அது மாமா பிழைப்பாரா மாட்டாரா என்ற கணக்கு இல்லை. இதை அத்தையிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், பாவம், அவர் அதை உயிருக்கான எண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். "ஏதாவது ஒரு சிக்கல்" என்ற கணக்கில் தையல் இடத்தில் சீழ் வைப்பது, சிறுநீர்த் தொற்று, நிமோனியா, காலில் ரத்தக்கட்டு, மறுபடி தியேட்டருக்குப் போவது எல்லாம் ஒரே கூடையில் விழும். நாங்கள் சிக்கல்களை ஐந்து படியாகப் பிரிப்போம், கிளாவியன்-டிண்டோ என்று பெயர், 2004இல் வந்த வகைப்பாடு. முதல் படியில் வாந்தி மாத்திரை மாதிரி சின்ன வைத்தியமே போதும், இரண்டாவதில் ஆன்டிபயாட்டிக்கோ ரத்தமோ வேண்டும், மூன்றாவதில் டியூப் போடவோ மறுபடி திறக்கவோ வேண்டும், நான்காவது ஐசியூ, ஐந்தாவது மரணம். ஆகவே டாக்டரிடம் திரும்பப் போகும்போது "28இல் மூன்றாம் படியும் அதற்கு மேலேயும் எவ்வளவு?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி பயம் போய்விடும், மீதிப் பயம் எதற்கு வேண்டுமோ அதற்கு மட்டும் மிஞ்சும்.

அடுத்தது, 28 என்பது மாமாவைப் பற்றியே இல்லை. மாமா மாதிரி வயது, சர்க்கரை, புகை, ஆபரேஷன் உள்ள நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் அதில் சுமார் 28 பேருக்கு ஏதோ வரும் என்பது. மாமா அந்த 28இல் ஒருவரா 72இல் ஒருவரா என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இதற்கான கருவிகள் பல இருக்கின்றன. 1991இல் வந்த பாஸம், அது சுலபமான நோயாளிகளுக்குக்கூட மரண வாய்ப்பை அதிகமாகக் காட்டியதால் திருத்தி வந்த பி-பாஸம், 2004இல் குடல் ஆபரேஷனுக்கென்றே செய்த சி.ஆர்.-பாஸம், அப்புறம் அமெரிக்க சர்ஜன்கள் கல்லூரி 2013இல் வெளியிட்ட கால்குலேட்டர், பதினான்கு லட்சம் நோயாளிகளின் பதிவிலிருந்து உருவானது. இதில் கடைசியாகச் சொன்னதைத்தான் அநேகமாக அந்த டாக்டர் பயன்படுத்தியிருப்பார். அது அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் கணக்கு. அங்கே ஒரு சிஸ்டருக்கு எத்தனை படுக்கை, இங்கே எத்தனை, அங்கே ராத்திரி பன்னிரண்டு மணிக்கு சிடி ஸ்கேன் எத்தனை நிமிஷத்தில் கிடைக்கும், இங்கே எத்தனை மணி நேரம், இதெல்லாம் கால்குலேட்டருக்குள் இல்லை.

இந்த ஊர்க் கணக்கும் ஒன்று இருக்கிறது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் புரூஸ் பிக்கார்ட் தலைமையில் 25 ஆப்பிரிக்க நாடுகளில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்து 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். எல்லா வகை ஆபரேஷனும் சேர்த்து 18.2 சதவீதம் பேருக்குச் சிக்கல், 2.1 சதவீதம் மரணம். நோயாளிகள் பெரும்பாலும் இளையவர்கள், ஆரோக்கியமானவர்கள், இருந்தும் மரணம் உலக சராசரியைப் போல இரண்டு மடங்கு. இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு: இறந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆபரேஷன் நாளைத் தாண்டியே இறந்திருக்கிறார்கள். கத்தி வைத்த மேசையில் யாரும் போகவில்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. வார்டில், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், யாரும் கவனிக்காத ஒரு சாயங்காலத்தில்.

இதே மாதிரி ஒரு விஷயத்தை அமெரிக்காவில் 2009இல் கஃபேரி என்பவரும் அவர் குழுவும் காட்டினார்கள். மரணம் அதிகமுள்ள ஆஸ்பத்திரிகளையும் குறைவாக உள்ளவற்றையும் ஒப்பிட்டால், சிக்கல் வரும் விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 26.9ம் 24.6ம். ஆனால் பெரிய சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்கள் ஒரு பக்கம் 21.4 சதவீதம், மறுபக்கம் 12.5. சிக்கல் எல்லா இடத்திலும் வருகிறது, வந்ததை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துக் கை வைக்கிறார்கள் என்பதில்தான் உயிர் நிற்கிறது. தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் சொல்லும் எண், எதையெல்லாம் சரிசெய்யலாம் என்று காட்டும். உண்மையான முன்னறிவிப்பு ஆபரேஷன் முடிந்த மூன்றாம், நான்காம் நாளில் மாமாவின் உடம்பிலிருந்தே வரும். அதைப் படிக்க ஆள் வேண்டும்.

குடல் ஆபரேஷனில் எங்கள் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்குவது ஒன்றுதான், லீக். கட்டியுள்ள பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மேல் முனையையும் கீழ் முனையையும் ஸ்டேப்ளர் வைத்தோ கையால் தைத்தோ சேர்ப்பார்கள். அந்த இணைப்பு ஆறாமல் விட்டுப்போனால் மலம் வயிற்றுக்குள்ளோ இடுப்புக் குழிக்குள்ளோ கசியும். பெருங்குடலின் மேல் பகுதியில் இணைத்தால் நூற்றில் நாலைந்து பேருக்கு மேல் பெரும்பாலும் போகாது, மலக்குடலில் கீழே போகப்போக அது பத்து, அதற்கு மேலும் போகும். இணைப்புக்கு ரத்தம் வரவேண்டும், இழுபறி இல்லாமல் இருக்கவேண்டும், சுற்றிலும் சுத்தமாக இருக்கவேண்டும். ஆண்களின் இடுப்பு எலும்புக் குழி குறுகலானது, சர்ஜனின் கை போக இடமில்லாத இடம், அதனாலேயே ஆண் என்பதே ஒரு அபாயம். ரேடியேஷன் பட்ட திசுவில் ரத்த ஓட்டம் குறைவு. புகை சின்னச் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கும். ஸ்டீராய்டு, ரத்தசோகை, சத்துக்குறைவு, அவசர ஆபரேஷன், அதிக ரத்தப்போக்கு எல்லாமே இந்தப் பட்டியலில் வரும். மாமாவுக்கு இதில் நாலைந்து இருக்கிறது, மறைத்துப் பயன் இல்லை.

இவ்வளவு தெரிந்தும் யாருக்கு லீக் ஆகும் என்று ஒருவரைக் குறிவைத்துச் சொல்ல முடிகிறதா என்றால், சரியாக முடியவில்லை. லீக் ஆன ஒருவரையும் ஆகாத ஒருவரையும் எடுத்துக்கொண்டு, கருவி ஆனவருக்கு அதிக அபாயம் காட்டியதா என்று பார்ப்பார்கள். நாணயம் சுண்டினாலே நூற்றுக்கு ஐம்பது முறை சரியாக வரும். லீக்குக்கான கருவிகள் அறுபதிலிருந்து எழுபது வரை எட்டுவதே பெரும்பாடு. கம்ப்யூட்டரை விடுங்கள், முப்பது வருட சர்ஜன் இணைப்பைக் கையால் தொட்டுப் பார்த்தவராயிற்றே, அவருக்குத் தெரியாதா என்றால், 2009இல் ஒரு டச்சுக் குழு அதையும் சோதித்தது. ஆபரேஷன் முடிந்த கையோடு சர்ஜன்களிடம் லீக் வாய்ப்பைக் கேட்டு எழுதி வைத்தார்கள். அவர்கள் சொன்னதும் நடந்ததும் பெரிதாக ஒத்துப்போகவில்லை. இது சர்ஜன்களைக் குறைத்துச் சொல்ல அல்ல. நன்றாக இருக்கும் இணைப்பும் நான்காம் நாள் விட்டுப்போவதை நானே பார்த்திருக்கிறேன், அந்த சர்ஜன் தியேட்டர் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

சரி, ஏழு வாரம் இருக்கிறது. இது பெரிய வரம், வீணாக்காதீர்கள்.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் நாலு விஷயம் கண்ணை உறுத்துகிறது. எடை 71இலிருந்து 64க்கு வந்திருக்கிறது, மூன்று மாதத்தில் பத்து சதவீதம். ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் லிட்டருக்கு 31 கிராம், குறைந்தது 35 இருந்தால் நிம்மதி. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 9.1. ஹீமோகுளோபினும் 10.8தான். ஆல்புமின் சாப்பாட்டை மட்டும் காட்டுவதில்லை, உடம்பில் அழற்சி இருந்தாலும் இறங்கும், ஆனால் எடையும் சேர்ந்து இறங்கினால் சாப்பாட்டைத்தான் முதலில் பார்க்கவேண்டும். இது புரட்டாசி. டர்பன் தமிழ்க் குடும்பங்களில் இந்த மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை வீட்டுக்குள் வராது என்று எனக்கும் தெரியும், என் பக்கத்து வீட்டிலும் அப்படித்தான். விரதத்தை விடச் சொல்லவில்லை, நோயாளிக்கு விலக்கு உண்டு என்று பூசாரியே சொன்னால் மாமா கேட்பார், அவரிடம் ஒரு வார்த்தை பேசிப்பாருங்கள். மாமா கேட்காவிட்டால் சைவத்திலேயே செய்யலாம், கணக்கு மட்டும் தெரிந்திருக்கவேண்டும். 64 கிலோவுக்கு ஒரு நாளைக்கு எண்பதிலிருந்து தொண்ணூறு கிராம் புரதம் வேண்டும். ஒரு கிண்ணம் பருப்பில் பன்னிரண்டு, பதினைந்து கிராம் கிடைத்தால் அதிகம். கூழும் ரொட்டியும் ஊறுகாயும் சாப்பிட்டால் வயிறு நிறையும், தசை நிறையாது. பால், தயிர், பால் பவுடர் கரைத்த கஞ்சி, சோயா, பனீர், ஆஸ்பத்திரி டயட்டீஷியன் தரும் புரதப் பவுடர் என்று நாளைக்கு ஆறு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். புரட்டாசி முடிந்ததும் முட்டையும் டின் மீன் கறியும் வரட்டும். ஒரு எச்சரிக்கை: கட்டியால் வழி குறுகியிருந்தால் பீன்ஸ், முழுப் பயறு, தோல், விதை எல்லாம் அடைத்துக்கொள்ளும், அதனால் சர்ஜனிடம் ஸ்கோப் போகும் அளவு வழி இருக்கிறதா என்று கேட்ட பிறகு கொடுங்கள்.

சிகரெட்டை இன்றைக்கே நிறுத்தவேண்டும். நாலு வாரம் நிறுத்தினால்தான் காயம் ஆறுவதிலும் நுரையீரலிலும் நல்ல பலன் தெரியும், ஏழு வாரம் இருப்பதால் மாமாவுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. நிக்கோட்டின் பேட்ச் ஒட்டலாம், கிளினிக்கில் கேளுங்கள். சர்க்கரையை ஒரேயடியாக இறக்கவேண்டாம், எச்.பி.ஏ.1.சி. எட்டரைக்குக் கீழே வந்தால் போதும், ஆபரேஷன் நேரத்து ரத்த சர்க்கரை இங்கே எழுதும் அளவில் 6இலிருந்து 10க்குள் நிற்கவேண்டும், நம் ஊர்க் கணக்கில் 110 முதல் 180. மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி "ஃப்ளோசின்" என்று முடிகிற சர்க்கரை மாத்திரை ஏதாவது இருந்தால் ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதைச் சொல்ல மறந்துவிட்டால் சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டியபடியே ரத்தத்தில் அமிலம் ஏறும், கண்டுபிடிக்கவே நேரமாகும். ரத்தசோகைக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறைவா என்று பார்த்து வைத்தியம் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம் நடை. உடற்பயிற்சி, சாப்பாடு, மனத்தெம்பு, புகை நிறுத்தம் நான்கையும் சேர்த்து நாலு வாரம் செய்துவிட்டு குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் போனால் என்ன ஆகும் என்று ஒரு பெரிய ஆய்வு, 251 பேர், 2023இல் வெளியானது. கடுமையான சிக்கல் தயாரிப்பு இல்லாதவர்களில் 29.7 சதவீதம், தயாரானவர்களில் 17.1. எண்ணைக் கேட்டுப் பயந்துபோன அத்தைக்கு இந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள். அங்கே வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ஆள் வைத்துக் கடுமையாகப் பயிற்சி கொடுத்தார்கள், வீட்டு முற்றத்தில் நடப்பது அதற்குச் சமம் இல்லை. ஆனாலும் சாட்ஸ்வொர்த்தில் ஏற்ற இறக்கத்துக்குப் பஞ்சமா? பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் அவரிடம் போங்கள், கிடைக்காவிட்டால் மேட்டில் மூச்சு வாங்கும் வேகத்தில் அரை மணி நேரம், நெஞ்சு வலி வந்தால் உடனே நிறுத்தவேண்டும், ஏற்கெனவே இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்கவேண்டும்.

"அவர் நல்லாத்தான் நடமாடறார்" என்று வீட்டில் சொல்வதையும் டாக்டர் கண்ணால் பார்த்துச் சொல்வதையும் நம்பாதீர்கள். 2018இல் லான்செட்டில் வந்த ஓர் ஆய்வில், உடல் வலு உண்மையில் குறைந்தவர்களில் டாக்டரின் கண் கண்டுபிடித்தது நூற்றுக்குப் பத்தொன்பது பேரைத்தான். அதே ஆய்வில், மாடிப்படி ஏறுவீர்களா, வீடு பெருக்கித் துடைப்பீர்களா, கனமான சாமான் தூக்குவீர்களா என்ற மாதிரி பன்னிரண்டு கேள்வி கொண்ட ஒரு சின்னப் பட்டியல் டாக்டரின் கண்ணைவிட நன்றாக முன்கூட்டிச் சொன்னது. எனக்கு இது அவமானமாகவே இருந்தது, அன்றிலிருந்து நான் அந்தப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். போன வருடம் ஒரு தாத்தா எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்றார், பின்னால் நின்ற மகள் ஒவ்வொரு ஆமாமுக்கும் தலையை இல்லை என்று ஆட்டிக்கொண்டிருந்தாள். மகளின் பதிலைத்தான் எழுதிக்கொண்டேன். மாமாவோடு போகும்போது நீங்களோ உங்கள் மனைவியோ உள்ளே போங்கள்.

இன்னும் ஒன்று, ஆபரேஷனுக்கு முந்தைய நாள் வயிற்றைக் கழுவும் மருந்தோடு ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் உண்டா என்று சர்ஜனிடம் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் காயத் தொற்று குறைகிறது, சில இடங்களில் இன்னும் பழைய பழக்கத்தில் வயிற்றைக் கழுவுவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இப்போது பை. குடும்பமே அதற்கு எதிர்ப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. மாமா கோயிலுக்குள் போகலாமா, உறவுக்காரர் முகம் சுளிப்பார்களா என்றெல்லாம் யோசிப்பார். இந்தப் பை லீக்கைத் தடுக்க வைப்பது என்று சொல்வதைவிட, லீக் ஆனாலும் வயிறு முழுக்க நாசமாகாமல் இருக்க வைப்பது என்று சொல்வது சரி. சிறுகுடலை வயிற்றுச் சுவரில் வெளியே எடுத்து மலத்தைத் திருப்பிவிட்டால் கீழே இருக்கும் இணைப்பு வழியாக ஒன்றும் போகாது. சுவீடனில் 234 பேரிடம் செய்து 2007இல் வெளிவந்த ஆய்வில், கீழ் மலக்குடல் இணைப்புக்குப் பிறகு நோயாகத் தெரிந்த லீக், பை வைத்தவர்களில் 10.3 சதவீதம், வைக்காதவர்களில் 28. ரேடியேஷன், புகை, சர்க்கரை, ஆண், கீழ்க்கட்டி என்று இருக்கும் மாமாவுக்கு சர்ஜன் பை வேண்டும் என்றால் நான் என் அப்பாவுக்கும் அதையே சொல்வேன். பைக்கும் சொந்தச் சிக்கல் உண்டு. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணியாகப் போனால் உடம்பு வறண்டு சிறுநீரகம் அடிவாங்கும், இந்த ஊர் ஜனவரி வெயிலில் இன்னும் சீக்கிரம். வெறும் தண்ணீர் குடித்தால் போதாது, உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் உள்ளே தள்ளி மூடுவார்கள், கீமோ தொடர்ந்தால் தள்ளிப்போகும், ஒரு சிலருக்கு மூட முடியாமலே போவதும் உண்டு, இதையும் முன்பே மாமாவிடம் சொல்லவேண்டும். பை எங்கே வரவேண்டும் என்று, பை வைத்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோமா சிஸ்டர் ஆபரேஷனுக்கு முன்பே பேனாவால் புள்ளி வைப்பார், வேட்டி கட்டும் இடம், பேன்ட் பெல்ட் இரண்டையும் மாமா அவருக்குக் காட்டட்டும்.

ஆபரேஷன் முடிந்த பிறகு நடப்பதற்கு வருகிறேன். எங்கள் வார்டில் டொங்காட்டிலிருந்து வந்த ஒருவர், எழுபது வயது, மாமா மாதிரியே ஆபரேஷன். முதல் மூன்று நாள் எல்லாம் சுகம். நாலாம் நாள் காலை ஆறரை மணி, அவர் மனைவி பிளாஸ்க்கோடு வந்து உட்கார்ந்திருந்தார். ரவுண்டுக்குப் போனேன். காய்ச்சல் இல்லை, வயிறும் பெரிதாக வீங்கவில்லை, "நல்லா இருக்கேன் டாக்டர்" என்றார். மனைவி என் கையைப் பிடித்து, "டீ வேண்டாம்னுட்டார்மா. கட்டின நாளிலிருந்து காலை டீயை வேண்டாம்னு சொன்னதே இல்லை" என்றார். சார்ட்டைத் திருப்பினேன். பல்ஸ் முந்தைய நாள் 84, இப்போது 108. மூச்சு நிமிஷத்துக்கு 24. ராத்திரி முழுக்க விக்கல் என்று சிஸ்டர் ஒரு வரி எழுதியிருந்தார். சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை மூன்றாம் நாள் 151, அன்று 218. சிடி எடுத்தோம், இணைப்புக்குப் பக்கத்தில் காற்றோடு சின்னத் தேக்கம். மதியமே தியேட்டருக்குப் போனார். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார், ஆனால் வீட்டுக்குப் போனார். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருந்தால் அவர் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

சி.ஆர்.பி. என்பது ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஒரு புரதம், ஆபரேஷன் ஆன யாருக்கும் இரண்டாம் நாள் வரை ஏறும், அப்புறம் இறங்கவேண்டும். ஏழு ஆய்வுகளைச் சேர்த்து 2014இல் வெளியிட்ட கணக்கின்படி மூன்றாம் நாள் 172, நாலாம் நாள் 124, ஐந்தாம் நாள் 144, இவற்றுக்குக் கீழே இருந்தால் லீக் இல்லை என்று நூற்றுக்கு 97 பங்கு நம்பலாம். மேலே இருந்தால் லீக் என்று அர்த்தமில்லை, அப்படி மேலே போனவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் உண்மையில் லீக் இருந்தது, மற்றவர்களுக்கு நெஞ்சுச் சளியோ காயத் தொற்றோ இருந்திருக்கும். தனி எண்ணைவிடப் போக்கு முக்கியம். 2020இல் வந்த இன்னொரு ஆய்வு, எந்த இரண்டு நாளுக்கிடையிலும் 50க்கு மேல் ஏறினால் விழித்துக்கொள்ளச் சொல்கிறது. தினமும் எண்ணைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள், பக்கத்திலேயே பல்ஸையும் எழுதுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சிடி சுத்தமாக வந்தாலும் ஆள் சரியில்லை என்றால் மறுபடி பார்க்கவேண்டும், சிடியும் சில லீக்கைத் தவறவிடும்.

நோட்டில் வேறு என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். குழப்பமாகப் பேசுகிறாரா, சிறுநீர் குறைந்ததா, வலி திடீரென்று கூடியதா, புதிதாக இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறதா. கடைசியாகச் சொன்னதை இதயக் கோளாறு என்று மட்டும் நினைத்துவிடுவார்கள், குடலில் லீக் ஆவதன் முதல் அறிகுறியாகவும் அது வரும். "இவர் எப்போதும் இப்படி இல்லை" என்று உங்களுக்குத் தோன்றினால் அதை அதே வார்த்தையில் சிஸ்டரிடம் சொல்லி, டாக்டரைக் கூப்பிடச் சொல்லி, வரும்வரை பணிவாகவும் பிடிவாதமாகவும் நில்லுங்கள்.

பிக்கார்ட் குழு, முன்பு சொன்ன ஆப்பிரிக்க ஆய்வின் தொடர்ச்சியாக இன்னொரு ஆய்வும் செய்தது. 28 ஆப்பிரிக்க நாடுகளில் அபாயம் அதிகமுள்ளவர்களைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, அவர்களை சிஸ்டர் மேசைக்குத் தெரியும் படுக்கையில் போடுவது, அடிக்கடி பல்ஸ், பி.பி. பார்ப்பது, குடும்பத்தாரைக் கூட இருக்கவிடுவது மாதிரியான ஏற்பாடுகளைச் சோதித்தார்கள். மரணம் குறையவில்லை. முடிவைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துப்போனது. கூட உட்காருவது வீண் என்று நான் அதைப் படிக்கவில்லை. கண்டுபிடித்த பிறகு கூப்பிட்ட டாக்டர் வரவும், சிடி திறந்திருக்கவும், தியேட்டரும் ஹை கேர் (கூடுதல் கவனிப்பு) படுக்கையும் கிடைக்கவும் வேண்டும், அது இல்லாமல் கவனிப்பு மட்டும் போதாது என்றே படிக்கிறேன். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: ராத்திரியில் சர்ஜன் எத்தனை நேரத்தில் வருவார், சிடி ராத்திரியில் உண்டா, 28 சதவீதம் என்று சொல்கிறீர்களே, முதல் இரண்டு நாள் மாமாவுக்கு ஹை கேரில் இடம் ஒதுக்கியிருக்கிறதா. எண்ணைச் சொன்னவர்களிடம் அந்த எண்ணுக்காக என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. என்னிடம் யாராவது இப்படிக் கேட்டால் நான் சந்தோஷப்படுவேன்.

டிஸ்சார்ஜ் ஆனதோடு முடியவில்லை. லீக் பெரும்பாலும் முதல் வாரத்தில் தெரியும், பத்து நாளுக்குப் பிறகு வீட்டில் தெரிவதும் உண்டு. ரத்தக்கட்டு வராமல் இருக்க வயிற்றில் போடும் எனோக்ஸாபாரின் ஊசி புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு மொத்தம் 28 நாள் போடுவது வழக்கம், வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறார்களா என்று பாருங்கள், உங்கள் மனைவி போடக் கற்றுக்கொள்ளலாம். மூக்குக் கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் முதல் நாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், வயதானவர்களுக்கு ராத்திரியில் வரும் குழப்பம் அதனாலேயே கொஞ்சம் குறையும்.

காவடி விஷயம். ஆபரேஷன் நவம்பர் நடுவில் என்றால் தைப்பூசத்துக்குள் பத்துப் பதினோரு வாரம்தான் ஆகியிருக்கும். பை இருக்கும், அல்லது கீமோ நடந்துகொண்டிருக்கும். அலகு குத்துவது கூடவே கூடாது, கீமோவில் வெள்ளணு குறைந்திருக்கும்போது அந்தச் சின்னக் காயம் போதும். தோளில் பாரம் ஏற்றினால் வயிற்றுத் தையலிலும் பைக்குப் பக்கத்திலும் ஹெர்னியா தள்ளும். நடக்கத் தெம்பு இருந்து சர்ஜனும் சரி என்றால் மாமா கையில் சின்னப் பால் செம்போடு காலை வெயில் ஏறுமுன் கொஞ்ச தூரம் நடக்கட்டும், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாட்டிலும் ஒரு மாற்றுப் பையும் உங்கள் கையில் இருக்கட்டும், காவடியை இந்த வருடம் நீங்கள் எடுங்கள்.